சுவரில் ஏறிய வெளிச்சம்

இது நடந்தது. பல்பு அண்ணனின் பட்டறைச் சுவரில் ஒட்டிய இரண்டு கறுப்பு டேப்பும் இன்னும் அப்படியே இருக்கின்றன. சந்தேகம் இருப்பவர்கள் வாருங்கள், நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

என் மனைவி இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் அழவில்லை. மற்றவர்கள் அழுதார்கள், நான் நாற்காலிகளை எடுத்துப் போட்டேன், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, அந்த மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. வேலைக்குப் போனேன், வந்தேன், அக்கா கொடுத்தனுப்பியதைச் சாப்பிட்டேன். அவள் வந்துவிட்டால் மட்டும் போதும் என்று இருந்தது. வேறு எதுவும் தேவைப்படவில்லை.

எங்கள் கார் எங்கள் கல்யாணத்துக்கும் மூத்தது. முன்விளக்கின் மூடி பழுப்பேறி, வெளிச்சம் விழுகிறதா என்று இறங்கிப் பார்க்கவேண்டிய நிலை. ஒருநாள் இருட்டில் சாலைத் தடுப்பில் உரசிவிட்டேன். விஷயம் அக்கா காதுக்குப் போய்விட்டது.

"நீயும் போயிட்டா நான் யார் மூஞ்சில முழிக்கிறது? மொதல்ல அந்த லைட்டை மாத்துடா."

மாற்றக் கொடுத்தேன். பல்பு அண்ணன் கார் எலக்ட்ரீசியன். அவர் வீட்டிலேயே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று கேள்வி. பழைய விளக்குகளைக் கழற்றினார். தடித்த ஒயர் இழுத்து, புதிய வெள்ளை விளக்குகளை மாட்டினார். முடியும்போது மணி ஏழு. வெளியே இருட்டிவிட்டது.

கடைசி வேலை, வெளிச்சத்தை நேர் பண்ணுவது. காரைச் சுவரைப் பார்க்க நிறுத்துவார். வெளிச்சத்தின் மேல் விளிம்பு எங்கே நிற்கவேண்டுமோ அங்கே டேப் ஒட்டுவார். ஓட்டுபவர் இருக்கையில் ஆள் இருக்கவேண்டும், பின்சீட் காலியாக இருக்கவேண்டும். பின்னால் பாரம் ஏறினால் காரின் மூக்கு தூக்கிக்கொள்ளும், வெளிச்சம் மேலே போய்விடும். எதிரே வருகிறவன் கண் அவிந்துபோகும் என்பார்.

நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். அவர் திருகினார். விளிம்பு டேப்பில் வந்து நின்றது.

அப்போது பின்சீட்டில் ஒரு சத்தம். க்ரீச்...

சுவரில் வெளிச்சம் ஏறியது. மெதுவாக. ஒரு சாண் உயரம்.

"சார், பின்னாடி யாரு ஏறினது? இறங்கச் சொல்லுங்க."

"யாரும் இல்லண்ணே."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏறிய இடத்தில் இன்னொரு டேப் ஒட்டினார். காரை அழுத்தி அழுத்தி விட்டுப் பார்த்தார். வெளிச்சம் ஆடியது, இறங்கவில்லை.

"ஸ்பிரிங் பழசு. இப்படித்தான் போல," என்று முனகிக்கொண்டே, வெளிச்சத்தைத் திருகிப் பழைய டேப்புக்கே இறக்கினார். கடை சாத்தும் அவசரம் அவருக்கு.

எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசி ஒரு வருடம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதெல்லாம் அந்தப் பின்சீட்டில்தான். சுருண்டு படுத்துக்கொள்வாள். வண்டியை எடுத்தேன்.

வேகமாகப் போனால் அவளுக்குக் குமட்டும். மெதுவாகவே ஓட்டினேன்.

"லைட்டு நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

ஒவ்வொரு வேகத்தடையிலும் காரின் பின்பக்கம் தரையில் இடித்தது. டொம்... டொம்... அதைப் பற்றி நான் அப்போது யோசிக்கவில்லை.

7:50. வீடு. பின்கதவைத் திறந்து பிடித்தேன். சீட் முனகியது. காரின் பின்பக்கம் உயர்ந்தது.

வாசற்கதவைத் திறந்து ஒதுங்கி நின்றேன்.

"வா. உள்ள வா."

அன்று இரவு, கட்டிலில் அவள் பக்கம் மெத்தை தாழ்ந்தது. நான் அந்தப் பக்கம் உருளும் அளவுக்குத் தாழ்ந்தது. அழுதேன். அழுதுகொண்டே தூங்கிப்போனேன். அவ்வளவு நல்ல தூக்கம் வந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

மறுநாள் மாலை வேலையிலிருந்து திரும்பும்போது சாலையே தெரியவில்லை. வெளிச்சம் காரின் காலடியிலேயே விழுந்தது. நேரே பட்டறைக்கு விட்டேன். சுவரில் பார்த்தால், முதல் டேப்புக்கு ஒரு சாண் கீழே.

"நேத்து பாரத்தோட செட் பண்ணிட்டேன் சார். பின்னாடி என்னமோ இருந்திருக்கு."

சரிசெய்தார். விளிம்பு முதல் டேப்பில் நின்றது. ஆனால் அவருக்கு மனசு ஆறவில்லை. எவ்வளவு பாரம் என்று பார்த்துவிடலாம் என்று அவரே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நல்ல கனத்த உடம்பு.

வெளிச்சம் ஏறியது. பாதி தூரம்தான்.

பக்கத்துக் கடை வெல்டரைக் கூப்பிட்டார். அவரும் ஏறி உட்கார்ந்தார்.

இப்போது இரண்டாவது டேப். அச்சு அசலாக.



"ரெண்டு ஆளு சார்," என்றார் பல்பு அண்ணன்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரித் தராசில் அவள் முப்பத்தெட்டு கிலோ. அந்தச் சீட்டிலிருந்து அவளை நான்தான் இரண்டு கையில் தூக்கி இறக்குவேன்.

போன் அடித்தது. அக்கா.

"வீட்டுக்குப் போயிட்டியா?"

"போறேன்க்கா."

வேறு எங்கே போவது? உள்ளே கூப்பிட்டவன் நான்தான். மறுபடியும் எல்லாம் மரத்துப் போயிருந்தது. பயம்கூட வரவில்லை.

வீட்டுக்கு வந்து, படுக்கையறை விளக்கை அணைத்தேன். கட்டிலின் நடுவில் படுத்தேன்.

10:40.

அவள் பக்கம் மெத்தை தாழ்ந்தது.

க்ரீச்...

பிறகு, இந்தப் பக்கமும்.