புதிதாய் வந்த பி செல்கள்

அந்த நாட்களில் காலையில் விழித்ததும் விரல்கள் மடங்காது. பனியன் கம்பெனியில் தையல் மிஷின் முன் உட்கார்ந்தால் துணியைப் பிடிக்கக்கூட முடியாமல் கை வீங்கி நிற்கும். என் உடம்பின் எதிர்ப்பு சக்தியே என் மூட்டுகளைத் தாக்குகிறது என்றார் டாக்டரம்மா. மாத்திரைகளுக்கு வலி கேட்காததால், பி செல்கள் என்ற வெள்ளணுக்களை அழிக்கும் மருந்தை நரம்பில் ஏற்ற முடிவானது.

தெற்கேயிருந்து என்னோடு பிழைக்க வந்த கணவர் அதிகம் பேசாதவர். அன்று கேள்விமேல் கேள்வி கேட்டார். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மூட்டில் நடக்கும் சண்டையைத் தூண்டுவது டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள். அவற்றிடம் ஒரு துணுக்கைக் காட்டி, எதிரி இதுதான் என்று உசுப்புவதில் பி செல்களுக்கும் பங்குண்டு. என் உடம்பில் அவை என்னையே எதிரியாகக் காட்டிக்கொண்டிருந்தன.

"எல்லா பி செல்லும் அப்படியில்லீங்க. டி செல்லு எல்லை மீறாம அடக்கி வெக்கறதும் அதுல இருக்குதுங்க."

"அப்பம் அந்த நல்லதும் சேந்து போயிருமே?" என்றார் கணவர்.

"போகுமுங்க. இந்த மருந்துக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. கொஞ்ச மாசத்துல எலும்பு மஜ்ஜைல இருந்து புதுசா வருமுங்க. அதுக சாந்தமா இருக்கும்னு நம்பறோம்."

ஒவ்வாமை வராமலிருக்க முதலில் போட்ட ஊசியிலேயே கண் சொருகியது. சொட்டு சொட்டாய் மருந்து இறங்க, வெளிச்சமான தண்ணீருக்குள் மிதப்பதுபோல் இருந்தது. ஏதேதோ சத்தமில்லாமல் கரைந்துகொண்டிருந்தன. ஒரு பாவமும் செய்யாமல் கரையும் அந்த நல்ல செல்களை நினைத்து நான் அழுததாகக் கணவர் பிறகு சொன்னார். நடுவில் தொண்டை அரித்தது. நர்ஸ் வேகத்தைக் குறைத்ததும் அடங்கி, மறுபடி மிதந்தேன். என் பாதத்தின் மேல் கணவரின் கை இருந்தது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கும் என்பதால் அதன்பின் கூட்டமுள்ள இடங்களுக்குப் போகவில்லை. சின்னச் சளிக்குக்கூடப் பயந்தோம். வாரங்கள் பஞ்சுபோல் நகர்ந்தன. ஒரு காலையில் மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். கணவர் வாசலில் அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகுதான் என் விரல்களைக் கவனித்தேன்.

"வலிக்கலையா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். சடை நுனியில் ரிப்பனை முடிந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் ரத்தம் பரிசோதித்தபோது பி செல்கள் திரும்பத் தொடங்கியிருந்தன. வீக்கம் மறுபடி வருமா என்று கேட்டேன். வரலாம், வந்தால் மருந்தைத் திரும்ப ஏற்றலாம் என்றார் டாக்டரம்மா.

வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கணவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். உள்ளே வந்திருக்கும் அந்தப் புதியவை இந்நேரம் டி செல்களிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கும் என்று யோசித்தேன். மழை ஓய்ந்த வெயில் மடியில் விழுந்தது. எங்கள் நிறுத்தம் வரும்வரை அவரை எழுப்பவில்லை.