அன்புமொழி திருத்திய வரிகள்

மீனவர்களுக்குக் காற்றின் வேகம் சொல்லும் செயலி ஒன்றைப் பலர் சேர்ந்து எழுதிவந்தார்கள். கோணல்மாணலாகக் கிடந்த அதன் நிரல்வரிகளைச் சீராக்க, குன்றாண்டார்கோவிலில் வீட்டிலிருந்து வேலைபார்த்த அன்புமொழி முன்வந்தாள்.

“வேணாங்க. ஒரு வரியக் கடைசியா யாரு தொட்டாங்களோ, அவங்க பேருதான் மாத்துன வரலாத்துல பதியும். எல்லா வரியிலயும் ஒங்க பேருதான் நிக்கும். முதல்ல யாரு எதுக்கு எழுதுனாங்கன்னு எப்படிப் பாக்குறது?” என்று பொறுப்பாளர் பெலிக்ஸ் தடுத்தார்.

அவர் பயம் அவளுக்கும் நியாயமாகவே பட்டது. அதனால் வேறெந்த மாற்றமும் கலக்காமல், சீராக்கியதை மட்டும் தனிக் கமிட்டாக, அதாவது தனியொரு மாற்றப் பதிவாகப் போட்டாள். வரலாற்றைத் தேடும்போது அந்தக் கமிட்டைத் தாண்டிப் போகும்படியும் அமைத்தாள். பெலிக்ஸ் அரைமனதாக ஒப்புக்கொண்டார்.

மறுவாரமே செயலி காற்றின் வேகத்தைத் தப்பாகக் காட்டியது. அன்புமொழி வரலாற்றைத் திறந்தாள். பிழையான வரிக்கு நேரே, முதலில் அதை எழுதிய, குழுவில் ஒருவரான பிரசாந்தின் பெயரும் எழுதிய காரணமும் அப்படியே நின்றன. அதை வைத்து, கோட்டைப்பட்டினத்தில் படகுகள் கிளம்புமுன் பிழையைச் சரிசெய்துவிட்டார்கள்.

“மிச்சத்தையும் நீங்களே சீராக்கிருங்க,” என்றார் பெலிக்ஸ். அன்புமொழிக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.