மச்சியின் மடிக்கணினி

நானா என்று நான் கூப்பிடும் என் அண்ணனின் மனைவியிடம் ஒரு போனும் ஒரு மடிக்கணினியும் இருக்கின்றன. இரண்டும் ஒரே கம்பெனி. போனில் ஒரு கோடு இழுத்தால் மறுகணம் அது மடிக்கணினியில் தெரியும். என்னிடமும் இரண்டு உண்டு. அவை சீதனத்தில் மனஸ்தாபப்பட்ட சம்பந்திகளைப் போல, ஒரே வீட்டில் இருந்தாலும் பேசிக்கொள்வதில்லை.

பொறாமைதான். சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? நாங்கள் இருவரும் வீட்டிலிருந்தே கல்யாண அட்டை வடிவமைத்துக் கொடுக்கிறவர்கள். முதலில் தொடங்கியது நான். மச்சி, நாங்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது அப்படித்தான், என்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் பழகினார். இன்று மடவளையில் எந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும் அவருடைய அட்டைதான். அதையும் பொறுத்துக்கொண்டேன். என் சொந்தத் தங்கச்சியின் கல்யாண அட்டையை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

உம்மா ஒரு வழி சொன்னார். வெள்ளிக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் இருவரும் காட்ட வேண்டும். பிடித்ததை எடுத்து, அடுத்த நாள் அச்சகத்துக்கு அனுப்பிவிடலாம்.

உம்மா முற்றத்தில் வளர்க்கும் சிவப்பு அந்தூரியப் பூக்களை அட்டையின் ஓரத்தில் வரைந்தேன். நான் இருக்கும் அம்பிட்டியவிலிருந்து மடவளையில் உம்மா வீட்டுக்கு இரண்டு பஸ் ஏற வேண்டும். இரண்டிலும் குனிந்த தலை நிமிராமல் விரலால் நிறம் தீட்டினேன். இறங்கும்போது போன் ‘சேமிக்கப்பட்டது’ என்றது. நம்பினேன்.

மச்சியின் அட்டை தொலைக்காட்சியில் உடனே வந்து நின்றது. பச்சைப் பின்னணி, தங்க எழுத்து. பிறகு என் மடிக்கணினியை இணைத்தேன். போன வாரத்துக் கோப்பு வந்தது. பூ ஒன்றுகூட இல்லை. தமிழ் எழுத்தெல்லாம் வெறும் கட்டங்கள். மூலையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

“வருமா மகள்?” என்றார் உம்மா.

“இப்ப வரும் உம்மா. டேட்டா ஸ்லோ.”

“என்ட ஹொட்ஸ்பொட்ட எடுங்க மச்சி” என்றார் மச்சி. பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். அவருடைய டேட்டாவிலும் அந்த வட்டம் சுற்றியது.

கடைசியில் போனையே நீட்டினேன். உம்மா அதைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“வடிவாத்தான் ஈக்குது. ஓரத்துல என்ன, மொளகாயா?”

தங்கச்சி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு என் அட்டை முடிந்தது. தேநீர் குடிக்காமலே கிளம்பினேன்.

கட்டுகஸ்தோட்டையைத் தாண்டும்போது மச்சியின் அழைப்பு வந்தது.

“மச்சி, ஒங்கட பூவெல்லாம் என்ட லெப்டொப்புக்கு வந்து ஈக்குது!”

ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு நினைவு வந்தது. அவருக்கு வேலை காட்டிக்கொடுத்த நாட்களில் என் கோப்புறையை அவருடனும் பகிர்ந்திருந்தேன். பிறகு அதை நீக்க மறந்துவிட்டேன். நான் பெற்ற பிள்ளை என் வீட்டு வாசலைத் தாண்டிப்போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது.

“டிவியில போட்டுக் காட்டின. உம்மாக்கு சரியான விருப்பம். என்ட அட்டையில ஓரத்துக்கு வெப்பமா?”

வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. தங்கச்சியின் முகம் நினைவில் வந்தது. “வைங்க” என்றேன்.

கல்யாண வீட்டில் எல்லோர் கையிலும் அந்த அட்டை. பூக்கள் உண்மையிலேயே அழகாக விழுந்திருந்தன. பெரியவர் ஒருவரின் மனைவி மச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்தப் பூ என்ன வடிவு! நீங்கதானே வரஞ்ச?” என்றார். நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். ஆமாம் என்று அவர் சொல்லிவிட வேண்டும், நான் ஆயுசுக்கும் கோபப்பட ஒரு நியாயம் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

“நானில்ல, இந்த மச்சிதான் வரஞ்ச” என்று அவர் என் தோளில் கை வைத்தார். “எனக்கு எங்க இப்பிடி வரும்!”

அதற்காகத்தான் இன்னமும் அவரை மன்னிக்க முடியவில்லை.