பூட்டக்கா போட்ட கட்டளை

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியில் பூட்டக்கா என்றால்தான் அவளைத் தெரியும். மெக்கானிக்குகளின் போன்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே பூட்டவும் திறக்கவும் அவளால் முடியும் என்பதால் வந்த பட்டம் அது. எவனாவது போனைத் தொலைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றால், திட்டக்கூட மாட்டாள். திரையைப் பார்த்து, போன தடவை விட்டுவிட்டு வந்த அதே டீக்கடைதான், போய் எடுத்துக்கொள் என்று அனுப்பிவிடுவாள். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றுவிட்டது என்ற தகவலெல்லாம் மெயிலில்தான் போகும். அது மெக்கானிக்கின் போனுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் யாரோ ஒருவர் இரண்டு மாடிகளுக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருப்பார். அந்தப் பயத்திலேயே அவளுக்கு நரை சீக்கிரம் வந்தது என்று நான் சொல்வேன்.

வேலைக்குச் சேர்ந்தபோது பில் போடத்தான் சேர்ந்தாள். போன்களை நிர்வகித்துத் தர ஒரு நிறுவனம் சொன்ன விலையைக் கேட்டு முதலாளிக்கு மயக்கம் வராத குறை. இலவசமாக ஏதாவது கிடைக்குமா பார் என்று இவள் தலையில் கட்டினார். யார் யாரோ எங்கெங்கோ உட்கார்ந்து சேர்ந்து எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருந்த, அதே வேலையைச் செய்யும் ஒரு சர்வர் மென்பொருளைத் தேடிப் பிடித்தாள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். இவள் பல், கொம்பு, வால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் ஓட்டிக்கொண்டு வந்தாள். ஓரமாகக் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் அதை ஏற்றி, ஜெராக்ஸ் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தாள். காசு கிடையாது என்பது உண்மைதான். கோளாறு என்றால் கூப்பிட்டுக் கேட்க ஆளும் கிடையாது. இணையத்தில் கேள்வியைப் போட்டுவிட்டு, எந்தப் புண்ணியவானாவது பதில் எழுதுவானா என்று காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தே அவள் தொழிலைக் கற்றாள்.

கற்றவள் கொஞ்சம் கறாராகவும் ஆனாள். போன்கள் எங்கிருந்தும் சர்வரைத் தொடலாம், ஆனால் கட்டளை போடும் பக்கம் ஆபீசுக்கு வெளியே யாருக்கும் திறக்காது, அவளுக்குமே. கம்பெனி மெயில் இருக்கும் எந்தப் போனும் தன்னுள் இருக்கும் எதையும் வெளியில் எங்கேயும் நகல் எடுத்து வைக்கக்கூடாது என்றும் ஒரு விதி போட்டிருந்தாள். விதி என்றால் எல்லாருக்கும் விதி.

அந்த எல்லாரில் அவள் தம்பியும் உண்டு. அவனை அங்கே மெக்கானிக்காகச் சேர்த்துவிட்டதே அவள்தான். கம்பெனி கொடுத்த போன் லிஃப்ட் குழிக்குள் விழுந்து நொறுங்கியதும், வேறு போன் வரும்வரை இருக்கட்டும் என்று அவனுடைய சொந்தப் போனையே சர்வரில் சேர்த்தாள். இந்த நிர்வாகி உங்கள் போனிலுள்ள அனைத்தையும் அழிக்கலாம், சம்மதமா என்று போன் கேட்டது. அவள் அதை வாசித்துக் காட்டினாள். அவன் சிரித்தான்.

"அழிக்கப்போறது நீதானே? அப்புறம் என்ன பயம்?" என்று சொல்லிக்கொண்டே சம்மதத்தை அழுத்தினான். வேறு போன் கடைசிவரை வரவேயில்லை.

அவன் போனில் இருந்ததெல்லாம் அவன் மகள்தான். மனைவி பிரிந்து, குழந்தையோடு தூரத்து நகரத்துக்குப் போய்விட்டாள். பள்ளி விடுமுறையில் மட்டும் பார்க்கலாம் என்று கோர்ட்டு சொல்லியிருந்தது. பிறந்த அன்று துணியில் சுற்றி வைத்திருந்ததில் தொடங்கி, தவழ்ந்தது, விழுந்தது, மூக்கில் பென்சிலை விட்டுக்கொண்டு அழுதது என்று குழந்தை முழுசாக அந்தப் போனுக்குள் வளர்ந்துகொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் படம் பார்க்காமல் எழுந்திருக்க முடியாது. மற்ற மெக்கானிக்குகள் அவன் தலையைப் பார்த்ததுமே சாப்பாட்டை மூடிவிடுவார்கள்.

படங்கள் நகல் ஆகவே மாட்டேன் என்கின்றன, நிர்வாகி தடுத்திருப்பதாகப் போன் சொல்கிறது என்று அவன் அவளிடம் கேட்டிருக்கிறான். உன் ஒருவனுக்காகத் தளர்த்தினால் நாளைக்கு எல்லாரும் வந்து நிற்பார்கள், புதுப் போன் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள். இன்னொரு தடவையும் கேட்டான். அப்போதும் அப்புறம்தான்.

ஒரு நாள் காலையில் சர்வர் படுத்துவிட்டது. புதுப் பதிப்பை ஏற்றியதிலிருந்து எழுந்திருக்க மறுத்தது. அவள் கண்ணைத் திரையில் ஒட்டிவைத்திருந்த நேரத்தில் தம்பி வந்து, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று நின்றான். அவள் நிமிராமலே, அப்புறம் வா என்று கையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

சர்வர் பிழைத்து எழுந்து, அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது மேனேஜர் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். தம்பி ராஜினாமாக் கடிதம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான், இதே தொழிலில் இருக்கும் வேறொரு கம்பெனியில் சேரப் போகிறான் என்றார். வாடிக்கையாளர்கள் விலாசம், ஒப்பந்தத் தொகை எல்லாம் மெயிலில் இருக்கிறது, உடனே அந்தப் போனை அழித்துவிடுங்கள் என்றார்.

அவளுக்கு முகம் எரிந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு அக்காவுக்குத் தெரிகிறதா? இருந்தாலும் சொல்லிப் பார்த்தாள். அது அவன் சொந்தப் போன், மெயிலை மட்டும் இங்கிருந்தே எடுக்க அந்தப் பழைய போனில் வழியில்லை, அழித்தால் எல்லாம் போய்விடும், நேரில் வரவழைத்து மெயிலை எடுத்துவிடலாம் என்றாள். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார்.

"தம்பிங்கிறதால யோசிக்கிறீங்களா?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது ஆத்திரக்காரிக்கும் சேர்த்துத்தான். நேராக இடத்துக்குப் போனாள், தம்பியின் பெயருக்கு நேரே அழி என்பதை அழுத்தினாள். உறுதியா என்று கேட்டது. உறுதி என்று மறுபடி அழுத்தினாள். தனக்குத் தம்பி, தங்கை என்றெல்லாம் பார்க்கத் தெரியாது என்று மேனேஜருக்குக் காட்ட வேண்டியிருந்தது. அவனுக்கும் கொஞ்சம் வலிக்கட்டும் என்று உள்ளே ஒரு மூலையில் இருந்தது. இருந்ததை இல்லை என்று நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் போன் அணைந்திருந்தது. கட்டளை காத்திருக்கிறது என்று திரை சொன்னது. போன் அடுத்து எப்போது உயிர்பெற்றுச் சர்வரைத் தொடுகிறதோ அப்போது நிறைவேறும். அதுவரை கட்டளையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சாயங்காலம்வரை அந்த வரி அவள் கண் முன்னால்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால், தம்பி உள்ளே உட்கார்ந்திருந்தான். வீட்டுச் சாவி ஒன்று அவனிடமும் உண்டு. சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்து பிளக்கில் அவன் போன் அணைந்தபடியே சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. காலையிலேயே சார்ஜ் தீர்ந்துவிட்டது, அதனால்தான் கூப்பிடவும் முடியவில்லை, உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் கடிதம் கொடுக்க நினைத்தேன், நீ வேலையில் இருந்தாய் என்று குற்றவாளி மாதிரிச் சொன்னான். அவள் வாயைத் திறக்குமுன் மிச்சத்தையும் சொல்லிவிட்டான்.

"புது வேலை பாப்பா இருக்கிற ஊர்லக்கா. தினமும் ஸ்கூல் விட்டதும் நானே போய்க் கூட்டிட்டு வரலாம்னு அவங்க அம்மாவே ஒத்துக்கிட்டா."

அந்த ஊரில் இவர்கள் கம்பெனிக்கு ஒரு வாடிக்கையாளர்கூடக் கிடையாது. மேனேஜர் பயந்ததெல்லாம் வெறும் பயம். அவள் கோபப்பட்டதும் வெறும் கோபம். போனை ஆன் பண்ணாதே என்று அப்போதே சொல்லியிருந்தால் போதும். வாய் வரவில்லை. இப்படிப்பட்ட சந்தோஷத்தோடு உட்கார்ந்திருப்பவனிடம், உன் போனை அழிக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? சொல்லாமலே சமாளித்துவிடலாம் என்று அவள் கெட்டிக்காரப் புத்தி கணக்குப் போட்டது. போனை வாங்கிக்கொண்டு போய், காலையில் ஆபீசுக்குப் போனதும் கட்டளையை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

மெயிலை எடுத்துத் தருகிறேன், போனைக் கொடுத்துவிட்டுப் போ என்று கேட்டாள். நாளைக்குத் தருகிறேன், இப்போது பாப்பா வீடியோவில் கூப்பிடும் நேரம் என்றான். அவள் டீ போடுவதாகச் சமையலறைக்குப் போய், அடுப்பைப் பற்றவைக்கும் சாக்கில் பிளக்கின் சுவிட்சை அணைத்தாள். மூச்சு வந்தது. அவன் பின்னாலேயே வந்துவிட்டான்.

"பாரேன், சுவிட்சே போடாம மாட்டியிருக்கேன்," என்று தன்னையே திட்டிக்கொண்டு போனைக் கையில் எடுத்து ஆன் செய்தான். ஏறியிருந்த சார்ஜ் அதற்குப் போதுமானதாக இருந்தது. "இரு, அவளுக்குப் பல்லு விழுந்திருக்கு, காட்டறேன்."

"அப்புறம் பாக்கலாம்டா," என்றாள். அப்போதும் அவள் வாயில் அந்த வார்த்தைதான் வந்தது.

திரையில் ஓட்டைப் பல்லோடு குழந்தை ஒரு கணம் சிரித்தாள். அவன் ரகசிய எண்ணைப் போட்டான். திரை இருண்டது. மேஜைமேல் இருந்த அவள் போனில் மெயில் வந்த சத்தம் கேட்டது. கட்டளை நிறைவேறிவிட்டது என்று சர்வர் அவளுக்கு எழுதும் மெயில் அது. வேறெந்தச் சத்தமும் அப்படி இருக்காது, அவளே தேர்ந்தெடுத்து வைத்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தம்பியின் போன் வெள்ளையாக எழுந்து, வரவேற்கிறோம், மொழியைத் தேர்ந்தெடுங்கள் என்றது.

அவன் போனை அவளிடம் நீட்டினான். "என்னமோ ஆயிடுச்சுக்கா. நீ பாரு."

பூட்டக்கா அதை வாங்கவில்லை. "நான்தான் அழிச்சேன்," என்றாள். பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள், காத்திருந்த கட்டளையை எடுக்காமல் வந்ததையும், சுவிட்சை அணைத்ததையும் சேர்த்து. அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் அந்த வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நகல் ஆகலைன்னு உன்கிட்ட கேட்டேனேக்கா," என்றான்.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டால் பயிர் யாரிடம் போய்ச் சொல்லும்? அவள் தன் போனை எடுத்துத் தேடினாள். அவன் அனுப்பாத படமா? வந்ததும் பார்ப்பாள், சிரிப்பாள், இடத்தை அடைக்கிறதே என்று உடனே துடைத்துவிடுவாள். அவ்வளவு சுத்தமான பெண்பிள்ளை. ஒன்றுமில்லை.

தேடிக்கொண்டிருந்த போனே கையில் அலறியது. வீடியோ அழைப்பு. எடுத்தால் குழந்தை.

"அத்தை, அப்பா ஏன் எடுக்கவே மாட்டேங்கறாங்க?"

அவள் திரையைத் தம்பி பக்கம் திருப்பினாள். தம்பி கைநீட்டிப் போனை வாங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அப்பா போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது, அத்தை சரிபண்ணிக்கொண்டிருக்கிறாள் என்றான். அப்புறம் வாயைத் திறந்து பல் போன இடத்தைக் காட்டச் சொன்னான். குழந்தை ஈ என்று காட்டியபோது, அதை அப்படியே அந்தப் போனில் படமாகப் பிடித்துக்கொண்டான். பேசி முடித்ததும் அந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனை அவளிடம் கொடுத்தான்.

"இதை அழிச்சிடாதேக்கா," என்றான்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் கெஞ்சிக் கேட்டான்.