கூட்டிலிருந்து எடுத்த பெட்டை

நிக்கானோரின் தொழில் பூவுறிஞ்சி பிடிப்பது. கட்டைவிரல் அளவே இருக்கும் ரீங்காரச்சிட்டுதான் அது. அதைக் காயவைத்து, சிவப்பு நூல் சுற்றி, எங்கள் ஏரிக்கரை மாந்திரீகக்காரி எலோதியா வசிய மருந்தாக விற்பாள். ஓடிப்போன புருஷனைக் கூப்பிட ஆண் சிட்டு, பெண்டாட்டியைக் கூப்பிடப் பெட்டை. எங்கள் ஊரில் இரண்டுக்கும் கிராக்கி குறைந்ததே இல்லை.

ஆணைப் பிடிப்பது சுலபம். ஒரு செம்பருத்திப் புதரைப் பாட்டன் சொத்துபோல வளைத்துக்கொண்டு, வண்டு வந்தாலும் விரட்டும். வெயில் பட்டால் தொண்டை தணலாக ஜொலிக்கும்; தலையைத் திருப்பினால் வெறும் கரி. யாரை விரட்டினாலும் திரும்ப அதே குச்சியில்தான் வந்து உட்காரும். அந்தக் குச்சியில் நிக்கானோர் மரப்பால் பசை தடவி வைப்பான்.

பெட்டைக்கு மினுக்கல் இல்லை. சாம்பல் வயிறு. இங்கே ஒரு பூ, அங்கே ஒரு பூ என்று உறிஞ்சிவிட்டு, பின்பக்கமாகவே பறந்து மறைந்துவிடும். அது தவறாமல் திரும்புகிற இடம் கூடு ஒன்றுதான். கூட்டில் கை வைக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டு. அதனால் பூப்பூவாகக் காத்துக் கிடந்துதான் நிக்கானோர் பெட்டையைப் பிடிப்பான்.

நிக்கானோரின் மனைவி எர்மெலிந்தா, இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு, அன்னாசி லாரிக்காரனோடு வடக்கே மோன்டெரே நகரத்துக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. பஸ் நிற்குமிடத்தில் வாழைக்காய் பொரித்து விற்கிறவன் நான். வருகிறவர் போகிறவர் சங்கதி முதலில் எனக்குத்தான் தெரியும். நிக்கானோர் தினமும் என் பெஞ்சில் உட்கார்ந்து மதிய பஸ்ஸைப் பார்ப்பான். என் மகனுக்கு ஞானத்தகப்பன், எனக்குக் கொம்பாத்ரே ஆயிற்றே என்ற உரிமையில் ஒருநாள் வாயை விட்டேன்.

"ஊரான் பொண்டாட்டிய எல்லாம் கூப்ட்டுக் குடுத்தியே, ஒன் பொண்டாட்டி மட்டும் வழி தெரியாம நிக்கிறாளா, கொம்பாத்ரே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

மறுநாள் காலை எலோதியாவிடம் ஒரு பெட்டையைக் கொண்டுபோனான்.

"எங்க புடிச்ச?"

"காப்பிச் செடியில."

"செடியிலயா, கூட்டுலயா?"

அவன் பெட்டையை அவள் பக்கம் நீட்டினான்.

"எடுத்துட்டுப் போடா. இத நான் தொடமாட்டேன். குஞ்சு கத்துதா?"

"கத்தத் தெம்பில்ல எலோதியாம்மா. வாய மட்டும் தெறக்குது."

அவனே நூல் சுற்றி, எர்மெலிந்தாவின் பழைய பாவாடைக்குள் வைத்தான். கூட்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தான். எலுமிச்சை மூடி அளவு. சிலந்தி நூலும் பஞ்சுமாக இருந்தது. உள்ளே மொச்சைக்கொட்டை மாதிரி இரண்டு குஞ்சுகள். மூத்த மகள் தெல்ஃபினா சர்க்கரைத் தண்ணீரைத் துரும்பில் தொட்டு ஊட்டினாள். சர்க்கரைத் தண்ணீர் எதற்குக் காணும்? தாய் கொசுவும் பூச்சியும் தின்று கக்கி ஊட்ட வேண்டும். மூன்றாம் நாள் திறந்த வாய் திறந்தபடியே கிடந்தது.

நாற்பது நாள் கழித்து மதிய பஸ்ஸிலிருந்து எர்மெலிந்தா இறங்கினாள். எண்ணெய்ச் சட்டியை அப்படியே போட்டுவிட்டு, வசியம் வைத்த நாளிலிருந்து வீட்டிலேயே காத்துக் கிடந்த நிக்கானோரிடம் நான்தான் ஓடினேன். "பலிச்சிருச்சுடா! வந்துட்டா!"

அவன் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றான். அவள் உள்ளே வரவில்லை.

"ஒன்னப் பாக்க வரல. புள்ளைங்களக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"பீன்ஸு அடுப்புல கெடக்கு. சாப்ட்டுட்டாவது..."

"நாலு மணிக்கு பஸ்ஸு."

நாலு மணி பஸ்ஸில் மூன்று பேரும் போனார்கள். தெல்ஃபினா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கூடு அவள் மடியில் இருந்தது.

நிக்கானோர் இப்போதும் மதியம் வருகிறான். நான் வாயைத் திறப்பதில்லை. தட்டை மட்டும் வைப்பேன். பெஞ்சு முழுக்கக் காலியாக இருந்தாலும் அதே மூலைதான் வேண்டும் அவனுக்கு. அங்கே யாராவது உட்கார்ந்திருந்தால் அடித்து விரட்டுகிறான்.