ஷங்காய்க்கு வழி சொல்பவர்

உப்புப் போத்தலை மேசையின் அந்தக் கரையில் நிமிர்த்தி வைத்தார் கிறிஸ்துநாயகம். "உதுதான் ஷங்காய்க் கோபுரம்." மேசைவிரிப்பில் ஓடிய நீலக்கோடு, ஆறு. இந்தக் கரையில் முறுக்குத் தட்டு. அது வெள்ளைக்காரன் காலத்துப் பழைய கட்டடங்கள். இனி அவருடைய வலது சுட்டுவிரல் புறப்பட்டுவிடும். முறுக்குக்காகக் கை நீட்டியவர்கள் கையை மடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"பொழுதுபட முந்தி இந்தக் கரையிலை வந்து நில்லுங்கோ. கப்பல் சவாரி எண்டு கையைப் பிடிச்சு இழுப்பாங்கள், போகாதேங்கோ. வேலைக்குப் போற சனத்துக்கு ஒரு ஃபெரி ஓடுது. அதே ஆறு, அதே வெளிச்சம், குடுக்கிறது சில்லறைக் காசு."

ஸ்காபரோவின் மோர்னிங்சைட் பகுதியில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர் அவர். அதனால் எந்தப் பயணத்தையும் தரிப்பிடம் தரிப்பிடமாகத்தான் சொல்வார். இடையில் ஏதும் கேட்டால், "பொறுங்கோ, இன்னும் அந்த ஸ்ரொப் வரேல்லை" என்பார். ஷங்காய்க்கு அவர் போனது ஒரேயொரு தடவை, ஸ்காபரோத் தமிழர் கொஞ்சப் பேர் சேர்ந்து போன சுற்றுலாவில். அதற்கே இவ்வளவு அளப்பா என்று கேட்கப் பலருக்கும் வாய் உன்னியதுண்டு. ஆனால் மனுஷன் சொல்வதெல்லாம் உருப்படியான விஷயம். போய் வந்தவர்கள் ஒருவரும் குறை சொன்னதில்லை. ஆகவே சீனாவுக்கு ரிக்கற் போட்டவர்கள், மாதா கோயில் பங்குச் சனத்திலும் அக்கம்பக்கத்திலும், ஒரு பின்னேரம் அவர் வீட்டுக்கு வந்து போவது வழக்கமாகிவிட்டது.

இன்றைக்கு வந்திருப்பவர்கள் பக்கத்து ஊர் அஜக்ஸிலிருந்து நிலாணியும் அவள் புருஷன் கஜீவனும். கலியாணமாகி முதல் தூரப் பயணம்.

"ஹோட்டல் பேரைச் சீன எழுத்திலை ஒரு கார்ட்டிலை வாங்கிப் பொக்கற்றிலை வையுங்கோ. ரக்சிக்காரனுக்கு உங்கடை இங்கிலீசு விளங்காது, எனக்கே விளங்குறேல்லை. போன்லை காசு கட்டுற அப் இஞ்சையே போட்டுக்கொண்டு போங்கோ, அங்கை போய் முழுசாதேங்கோ. ஒக்டோபர் முதல் கிழமை மட்டும் வேண்டாம், முழுச் சீனாவும் லீவிலை அங்கைதான் நிக்கும். பிறகு தம்பி, வடிவான பெட்டையள் ரெண்டு பேர் வந்து தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டால், அது உங்கடை வடிவைப் பாத்து இல்லை. பில்லுக்கு."

கஜீவன் விழுந்து விழுந்து சிரித்தான். விரல் ஆற்றைக் கடந்து, பூங்காவைச் சுற்றி, செங்கல் மாதா கோயிலில் ஒரு செபம் சொல்லிவிட்டுத் திரும்பியது. வழக்கமாக இந்த இடத்தில்தான் வந்தவர்கள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்கள். விரலும் இந்த இடத்தில்தான் நின்றுபோகும்.

காரணம் இருக்கிறது. அந்தச் சுற்றுலாவில் நாலாம் நாளே அவருக்கு நாக்குச் செத்துப்போயிற்று. காரமில்லாத சாப்பாடு. பெட்டிக்குள் ஒரு சின்ன எலெக்ட்ரிக் சட்டியும் ஒரு பை செத்தல் மிளகாயும் வைத்துக்கொண்டு எந்தத் தமிழன்தான் சும்மா இருப்பான்? பாணுக்கு ஒரு சம்பல், அவ்வளவுதான் ஆசை. "வேண்டாமப்பா, ஹோட்டல்" என்றார் மனைவி வேரோனிக்கா. சொல்லிவிட்டுக் கட்டிலில் இருந்தபடி கண்ணை மூடிச் செபமாலை உருட்டத் தொடங்கினார். இவர் சட்டியில் எண்ணெயை விட்டு மிளகாயைப் போட்டார். மிளகாய் கருகியது, அறை புகைந்தது, அலாரம் அடித்தது. துவாய் கட்டியவர், தலையில் சவர்க்கார நுரையோடு வந்தவர், கைக்குழந்தைக்காரி என்று முழு ஹோட்டலும் படியிறங்கித் தெருவில் நின்றது. எல்லாரும் இருமினார்கள்.

மேலாளர்ப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள், அந்த அறையில் சமைத்தது யார் என்று. சுற்றுலாவுக்கு வந்த சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. கிறிஸ்துநாயகத்தின் சுட்டுவிரல் தானாக எழுந்து வேரோனிக்காவைக் காட்டியது. வேரோனிக்கா ஒரு கணம் அந்த விரலையே பார்த்தார். பிறகு, "சொறி மிஸ்" என்றார்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். கதை அவர்களுக்கு முந்தியே ஸ்காபரோ வந்து சேர்ந்துவிட்டது. பங்கில் வேறும் இரண்டு வேரோனிக்காக்கள் இருப்பதால், 'மிளகாய் வேரோனிக்கா' என்ற பெயர் வசதியாக ஒட்டிக்கொண்டது. உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று விமானத்திலேயே இவர் வாயெடுத்தார். "விடுங்கோ. நீங்கள் கோயிலிலை வாசகம் வாசிக்கிற ஆள்" என்று மனைவி தடுத்துவிட்டார். தடுத்தது இவருக்கு வசதியாகவும் இருந்தது. அதை நினைக்கத்தான் இப்போது வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

அதுவும் போன திருநாளுக்குப் பிறகு சொல்ல வேண்டாம். எத்தனையோ வருஷமாகப் பங்குத் திருநாளுக்குக் கறி வைத்த கை வேரோனிக்காவின் கை. அந்த முறை, "அன்ரியை அடுப்படியிலை விட்டால் ஃபயர் ட்ரக் வரும்" என்று பகிடி சொல்லி, கடதாசிக் கோப்பைகளை அடுக்க விட்டார்கள். வேரோனிக்கா சிரித்துக்கொண்டுதான் அடுக்கினார். ஆனால் வீட்டுக்கு வந்து, தன்னுடைய பெரிய அகப்பையைக் கழுவாமலே அலுமாரியின் மேல்தட்டில் போட்டார். அதில் கழுவ ஒன்றும் இருக்கவில்லை. கிறிஸ்துநாயகத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"அங்கிள், சின்ன ரைஸ் குக்கர் ஒண்டு கொண்டு போகலாமே?" என்றாள் நிலாணி. "இவருக்கு உறைப்பில்லாமல் இறங்காது."

விரல் முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

"அதை அங்கிளிட்டைக் கேட்டு வேலையில்லை," என்றான் கஜீவன், குசினிப் பக்கம் திரும்பி. "சில்லி எக்ஸ்பேர்ட் அங்கை நிக்கிறா. அன்ரி, வட் ஹப்பென்ட்? முழு ஹோட்டலையும் இவக்குவேட் பண்ணினீங்களாமே?"

தேநீர்த் தட்டோடு வந்த வேரோனிக்கா சிரித்தார். கோப்பைகளை ஒவ்வொன்றாக வைத்தபடி கதையைத் தானே சொல்லத் தொடங்கினார். நன்றாகவும் சொன்னார். "எனக்கு நாக்குச் செத்துப்போச்சுப் பிள்ளை. இவர் வேண்டாம் வேண்டாமெண்டு தலைப்பாடாய் அடிச்சவர், நான் கேட்டால்தானே." துவாய் கட்டியவரைச் சொன்னார், சவர்க்கார நுரையைச் சொன்னார். இளசுகள் இரண்டும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தன. கிறிஸ்துநாயகம் மட்டும் மேசைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் செய்யாததை இவ்வளவு வடிவாகச் சொல்ல இவள் எத்தனை தரம் சொல்லிப் பழகியிருக்க வேண்டும் என்று அப்போதுதான் அவருக்குப் பட்டது.

"பிறகு அந்த மேலாளர்ப் பெட்டை வந்து, சமைச்சது ஆரெண்டு கேட்டாள்," என்றார் வேரோனிக்கா.

"அன்ரி உடனை கையைத் தூக்கினீங்களோ?" என்றாள் நிலாணி.

வேரோனிக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மேசையிலிருந்த சுட்டுவிரல் எழுந்தது. ஆற்றையும் காட்டவில்லை, கோபுரத்தையும் காட்டவில்லை. மெல்லத் திரும்பி, கிறிஸ்துநாயகத்தின் சேட்டு நடுப்பொத்தானில் வந்து குத்தி நின்றது.

"அங்கிள், நெஞ்சு நோகுதோ?" என்று நிலாணி பதறி எழுந்தாள்.

இல்லையென்று தலையாட்டினார். வேரோனிக்கா அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கப் பார்த்தார். அவர் விரலை எடுக்கவில்லை.