வராத பிளேனுக்கு ஒரு சாட்சிக் கடிதம்

பிளேன் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டவள் என்று மலாக்காவில் நாங்கள் இருக்கும் காஜா பெராங்கில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. வழக்கும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இரண்டு கடிதம் போட்டேன், அவ்வளவுதான். அதில் முதல் கடிதம் என் மானத்தை வாங்கிவிட்டது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஓராண்டுகூட ஆகாத சமயம். நான் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. அம்மா சிங்கப்பூரில் அக்கா வீட்டில் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. அம்மாவுக்குக் கடுமையாக இருக்கிறது, உடனே வா. டாக்சியில் போனால் ஆறேழு மணி நேரம். ஜோகூர் பக்கம் கம்யூனிஸ்ட் கலகத்துக்காகப் போட்ட அவசரகாலக் கெடுபிடி இன்னும் ஓயவில்லை, வழியெல்லாம் சோதனை. எங்கள் ஊர் பத்து பெரெண்டாம் விமான நிலையத்தில் நாலரை மணிக்குப் பிளேன் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சிங்கப்பூர். என் வீட்டுக்காரர் சேமிப்பை வழித்தெடுத்து டிக்கெட் வாங்கிவந்தார். நாலரை பிளேனில் வருகிறேன் என்று அக்காவுக்குத் தந்தி கொடுத்தேன்.

நாலரை ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று. எப்போது கேட்டாலும் கவுண்டர்காரர் "செகெஜாப் லாகி", இதோ கொஞ்ச நேரத்தில், என்றார். ஏழு மணிக்கு மேல், நன்றாக இருட்டிய பிறகு, இன்று பிளேன் இல்லை என்று கையை விரித்தார். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இரவில் ஜோகூர் பாதையில் வண்டி எடுக்க ஒரு டாக்சிக்காரரும் ஒப்பவில்லை. சனிக்கிழமை விடியலில் கிளம்பி நான் போய் இறங்கியபோது மணி பன்னிரண்டு. வெள்ளி மாலையே அம்மா போய்விட்டிருந்தார். எடுத்து முடித்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். தரை ஈரமாக இருந்தது.

"நாலரை பிளேன்னு தந்தி அடிச்சியே, எங்கடி அந்தப் பிளேன்?" என்றாள் அக்கா.

"பிளேன் வரலக்கா."

"பிளேனே வரலையாம்! யார்கிட்ட கதை விடுறே? காசு போகுதேன்னு யோசிச்சிருப்பே. இல்லாட்டி, பள்ளிக்கூடத்த முடிச்சிட்டு மெதுவா போவோம்னு இருந்திருப்பே."

பத்துப் பதினைந்து பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. எடுத்துக் காட்ட ஒரு துண்டு டிக்கெட்கூடக் கையில் இல்லை. பதினாறாம் நாள் காரியம்வரை அந்த வீட்டிலேயே கிடந்தேன். அக்கா என் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

மலாக்கா திரும்பியதும் அடுத்த தெரு மாமாவிடம் போனேன். பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிவிட்ட மலாக்கா செட்டி சமூகத்தவர், வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. கோயிலுக்குப் போவார், விபூதி பூசுவார், தமிழ் மட்டும் ஒரு வரி வராது. வீட்டிலும் மலாய்தான். எனக்கோ இங்கிலீஷ் வராது. அதனால் எங்களுக்குள் பேச்சு முழுக்க என் சந்தை மலாயில்தான். பிளேன் வரவில்லை என்று கம்பெனி ஒரு தாள் கொடுத்தால் போதும் என்றேன். சும்மா தாள் கேட்டால் குப்பைக்கூடைக்குப் போகும், நஷ்டஈடு கேட்டால்தான் பதில் போடுவார்கள் என்றார் அவர். சரி, டாக்சிச் செலவைக் கேட்போம் என்று முடிவாயிற்று.

என்றைக்கு நடந்தது என்று கேட்டார். "மாலாம் ஜுமாட்" என்றேன். மாலாம் என்றால் இரவு, ஜுமாட் என்றால் வெள்ளி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவர் காலண்டரைப் பார்த்துத் தேதி போட்டு டைப் அடித்தார். பதிலின் நகல் ஒன்று நேராக அக்கா விலாசத்துக்கும் போகட்டும் என்று எழுதச் சொன்னேன். அந்த மகா புத்தி என்னுடையதுதான்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. மாமா படித்து மலாயில் சொன்னார். தாங்கள் குறிப்பிடும் வியாழக்கிழமை விமானம் நேரத்துக்குப் புறப்பட்டது, பயணிகள் பட்டியலில் தங்கள் பெயர் இல்லை, நஷ்டஈட்டுக்கு இடமில்லை.

"வியாழக்கிழமையா? யார் சொன்னது வியாழக்கிழமைன்னு?" தமிழும் மலாயும் கலந்து கத்திவிட்டேன்.

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நீதானே மாலாம் ஜுமாட் என்றாய், அது வியாழன் இரவுதானே என்றார் நிதானமாக. மலாய்க் கணக்கில் பொழுது சாய்ந்தாலே மறுநாள் பிறந்துவிடுகிறதாம். வெள்ளி இரவுக்கு மாலாம் சப்து, சனி இரவு, என்று சொல்லியிருக்க வேண்டுமாம். பிறந்து வளர்ந்தது இந்த ஊர்தான். ஆனால் சந்தை மலாய் பகலில் மட்டும் புழங்கும் மலாய். இரவுக்குப் பெயர் சொல்ல எனக்கு வேலை வந்ததே இல்லை.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பாடம் சொல்லித் தர்றே, ஒரு கிழமைய ஒழுங்கா சொல்லத் தெரியலியா, டீச்சரம்மா?" என்றார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு அவருக்கு வெறும் ரசம் சோறுதான்.

நகல் அக்காவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நாலே வரியில் எழுதியிருந்தாள். "கம்பெனிக்காரனே எழுதிட்டான். செத்த அம்மா விஷயத்துல பொய் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்துச்சு? இனி என் வீட்டுப்படி மிதிக்காதே." குசினியில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பொய் சொல்லியிருந்தாலாவது மனது ஆறியிருக்கும்.

மாமா அன்றே இரண்டாவது கடிதத்தை அடித்துக் கொடுத்தார், தாள் காசுகூட வாங்கவில்லை. இந்த முறை பதில் சரியாக வந்தது. வெள்ளிக்கிழமை விமானம் இயந்திரக் கோளாறால் ரத்து; வருந்துகிறோம்; டாக்சிச் செலவு தருவதற்கில்லை, பதிலாகச் சிங்கப்பூர் போய்வர ஒரு டிக்கெட் தருகிறோம். அதற்கும் நகல் போயிற்று. அக்காவிடமிருந்து ஒரு மாதம் சத்தமே இல்லை.

வீட்டுப்படிதானே மிதிக்கக்கூடாது, வாசலில் நின்று பேசிவிட்டு வருகிறேன் என்று வீம்பாக அந்த டிக்கெட்டில் கிளம்பினேன். அக்காவுக்கு நாளும் நேரமும் மட்டும் எழுதிப் போட்டேன். பிளேன் சொன்ன நேரத்துக்கு வந்தது, சொன்ன நேரத்தில் இறக்கியது.

கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா தனியாக நின்றாள். நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நின்ற பிளேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு மட்டும் டாண்ணு வந்து நிக்குது பாரு, பாழாப்போன பிளேன்!" என்றாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா ஆறு மணி வரைக்கும் வாசலயே பாத்துக்கிட்டு இருந்தாங்கடி."